நாலு மணிப் பாடம்

அபிஷேகப்பாக்கம்
3 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

செல்வி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, போன வாரம் பிறந்த கன்றுக்குட்டி உட்பட எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்கிறீர்களா? கண் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்குப் பார்வை தெளிந்ததா?

ஒரு போன் போட்டால் முடிகிற காரியத்துக்குக் காரைக்காலுக்குத் தபால் போடுகிறாளே என்று நினைப்பாய். போன் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. அம்மாவின் பட்டன் போனில் பேசலாம் என்றால், அவள் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் தருவாள். தெருவே கூடிக் கேட்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் காலேஜில் இந்த வருஷம் ஆங்கிலம் பாதி வகுப்பில், பாதி போனில். வாரத்தில் இரண்டு நாள் உஷாராணி மேடம் நேரில் நடத்துவார். மீதியை ஒரு ஆப்பில் நாங்களே படிக்க வேண்டும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒரு துணையோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசுவதைப் பதிவுசெய்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவில் தமிழ் விழுந்தால் அந்தப் பதிவு செல்லாது. எல்லாப் பாடத்துக்கும் பதிவு இருந்தால்தான் டிசம்பரில் வாய்மொழித் தேர்வுக்கு விடுவார்கள்.

துணையைக் கம்ப்யூட்டரே பொறுக்கிக் கொடுத்தது. எனக்கு வந்தவன் ஏனாம் காலேஜில் படிக்கிற ராஜேஷ்குமார். இதைத்தான் போன மாசம் உன்னிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டு பேருக்கும் இங்கிலீஷை விட்டால் போக்கிடம் இல்லை. தப்புத் தப்பாகத்தான் பேசினோம். ஆனால் பேசினோம் அக்கா. கோதாவரியில் வெள்ளம் வந்தால் மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவீர்கள் என்று நான் கேட்டு, அவன் சொல்லி, எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் படித்தும் வராதது அன்றைக்கு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை அப்பா வயலிலிருந்து வந்தவர் காலைக்கூடக் கழுவவில்லை. "ஏனாத்துப் பையன்கிட்ட இன்னா பேச்சு உனக்கு? ஒருத்தருக்கும் புரியக்கூடாதுன்னுதான் இங்கிலீஷா?" என்றார். பாடம்பா என்றேன். "வூட்ல குந்திகினு ஆம்பளப் பையன்கிட்ட பேசறதுக்குப் பேரு பாடமா? இங்கிலீஷ்ல பெயிலானா படிச்சது போதும். தை பொறந்தா மாப்பிள்ளை பாத்துடறேன்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். போன் இல்லாமல் பாஸ் பண்ண முடியாது என்பது அவர் காதில் ஏறவே இல்லை.

எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏனாம் என்று எப்படித் தெரிந்தது? வீட்டில் நான் யாரிடமும் அவன் பேரையோ ஊரையோ சொல்லவில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? உன் பேச்சை அப்பா தட்டமாட்டார். நீதான் எனக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும்.

தபால்காரர் வழியைப் பார்த்திருக்கும்,
செல்வகுமாரி


காரைக்கால்
21 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை செல்விக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் மூவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாற்று விட்டாகிவிட்டதா?

உன் கடிதம் மாமாவின் கடை விலாசத்துக்கு வந்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தைக்கு இன்னும் எழுத்து கலங்கலாகத்தான் தெரிகிறது. வாசித்துக் காட்டு என்றார்கள். உன் விசாரிப்பைக் கேட்டு அவர்களுக்கு ஏக சந்தோஷம். "தம்பி பொண்ணு மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்றார்கள். அடுப்பில் குழம்பு இருந்ததால் பாதிக்கு மேல் வாசிக்க முடியவில்லை.

படிப்பை விட்டுவிடாதே. வகுப்பில் சொல்வதை எழுதிவை. கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பேசிப் பழகு. நான் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு கல்யாணமாகி வந்தவள், என் யோசனையை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது உன் பாடு.

அப்பாவிடம் நேரம் பார்த்துப் பேசுகிறேன். கன்றுக்குட்டிக்கு என்ன பேர் வைத்தீர்கள்?

அன்புடன்,
பிரியதர்ஷினி


அபிஷேகப்பாக்கம்
2 செப்டம்பர் 2025

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். கன்றுக்குட்டிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை.

எது உதவும் என்று ஊரெல்லாம் கேட்டுவிட்டேன், குழப்பம்தான் அதிகமாகியிருக்கிறது. கீதாஞ்சலியைத் தெரியுமல்லவா, பூரணாங்குப்பத்துப் பெண், என்னோடு பஸ்ஸில் வருகிறவள். அவள் போனில் காலேஜ் விட்டதும் ஆப் பயிற்சியை முடித்துவிடுகிறேன். பச்சை டிக் மேல் பச்சை டிக். ஆப்பைக் கேட்டால் நான் லண்டனில் பிறந்தவள். மறுநாள் மேடம் எழுப்பி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் வாய் கட்டிக்கொள்கிறது. களி என்பதற்கு இங்கிலீஷ் தேடுவதற்குள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறார்.

நீ சொன்னபடி கண்ணாடி முன்னும் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, அதற்கு நான் சொல்ல? இரண்டு வாக்கியத்துக்குமேல் போகவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கலியம்மா பெத்த பொண்ணுக்கு இன்னா ஆச்சின்னு தெரியலியே" என்று தன் பேரைச் சொல்லியே புலம்பி விபூதி பூசிவிட்டாள்.

மேடத்திடமே கேட்டேன், வகுப்பு உதவுமா, போன் உதவுமா என்று. "சொல்றதுக்கு விஷயமும் கேக்கறதுக்கு ஆளும் இருந்தா ரெண்டும் உதவும். இல்லன்னா ரெண்டும் தண்டம்" என்றார். எனக்கு ஆள் இருந்தான். இப்போது ராஜேஷ்குமாருக்கு வேறு துணை கொடுத்துவிட்டார்களாம். வெளியாள் யாராவது கிடைத்தாலும் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் மேடம். இந்தத் தெருவில் யாரிடம் போய்க் கேட்பேன்?

பதிவுகள் விழாமல் கிடக்கின்றன. பயமாக இருக்கிறது அக்கா. எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இல்லை, இப்போது வேண்டாம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. அப்பாவிடம் யார் சொன்னார்கள் என்று உனக்கு ஏதாவது தெரியுமா?

செல்வி


காரைக்கால்
29 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம், நாடுவதும் அதுவே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவிடம் பேசினேன். எப்படிப் பேசினேன், என்ன சொன்னேன் என்பதெல்லாம் வேண்டாம். ஒத்துக்கொண்டார். துணையாக நான் இருக்க வேண்டும், வேறு யாரும் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு அவரே பீரோவைத் திறந்து போனைத் தருவார். ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷம் முடிந்ததும் போன் பீரோவுக்குப் போய்விடும். இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

என் இங்கிலீஷ் துருப்பிடித்துக் கிடக்கிறது. பரணில் இருக்கிற என் பழைய புத்தகத்தை அனுப்ப முடியுமா?

பிரியா


அபிஷேகப்பாக்கம்
8 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

உன் புத்தகத்தைப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பல்லி முட்டையைத் தட்டிவிட்டு எடு. நீ அப்பாவிடம் பேசியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நேற்றைய லட்சணத்தை நீயே கேட்டாய். நீ 'ஹலோ' என்றாய், நான் 'ஹலோ' என்றேன். சாப்பிட்டாயா என்று நீ இங்கிலீஷில் கேட்டதும் எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இடுப்பில் என்னைத் தூக்கிச் சுமந்தவளிடம் என்ன இங்கிலீஷ்? சிரித்துவிட்டேன். நீ "அடிப்பாவி, சிரிக்காதடி" என்றாய். அவ்வளவுதான், பதிவு செல்லாமல் போயிற்று.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பஞ்சாயத்துக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். "இன்னா அதுக்குள்ள முடிஞ்சிட்சா? இதுக்குத்தான் அந்தக் கூத்தா?" என்றார். ராஜேஷ்குமாரிடம் வந்த பேச்சு உன்னிடம் வரவில்லையே, ஏன்? அவன் யாரோ, நீ என் அக்கா. உன்னிடம் அல்லவா எளிதாக வர வேண்டும்? ஒன்றும் புரியவில்லை.

செல்வி


காரைக்கால்
17 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே தீபாவளிப் பலகார வேலை நடக்கிறது. எல்லாரும் நலம். புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

நான் யோசித்ததைச் சொல்கிறேன். நமக்குத் தமிழ் இருக்கிறது, அதனால்தான் இங்கிலீஷ் வரவில்லை. அந்தப் பையனுக்கும் உனக்கும் வேறு வழி இல்லை. நமக்கும் வேறு வழி இல்லாமல் செய்துகொள்ள வேண்டும். உன் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். என் பக்கத்தில் நாலு மணிக்கு அத்தை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் தெரியாது. மற்றதை இனி நாலு மணிக்குப் பேசும்போது புரிந்துகொள்வாய்.

இப்போதெல்லாம் கடிதத்தை முழுசாக வாசிக்கச் சொல்கிறார்கள். பார்த்து எழுது.

பிரியா


அபிஷேகப்பாக்கம்
3 நவம்பர் 2025

அன்பு அக்காவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கிற அத்தைக்கும் வணக்கம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தை அனுப்பிய முறுக்கு நன்றாக இருந்தது. அந்த முறுக்கைப் பற்றி நீ நாலு மணிக்குச் சொன்னதை மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

பாடங்கள் மளமளவென்று ஏறுகின்றன. இனி வருவதை அத்தைக்கு வாசிக்காமல் தாண்டிவிடு. அன்றைக்கு அப்பாவின் புது மீசைச் சாயத்தைப் பற்றி நான் ஆரம்பித்தேனே, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் வேறு வார்த்தையைப் போட்டேன். தமிழ் ஒரு எழுத்து விழுந்தாலும் நான் தொலைந்தேன் என்பதால் விழவே இல்லை. "நல்லாத்தான் படிக்கிது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பாவமாகவும் இருந்தது.

மேடம் பதிவைக் கேட்டுவிட்டு, "யாரு அந்த மீசைக்காரர்?" என்றார். இது பாடமா வம்பா என்று எனக்கே குழப்பம். ஆனால் வகுப்பில் எழுப்பினால் வாய் திறக்கிறது.

உன்னிடம் ஒன்றை இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். மூன்றாம் தடவை எழுதவில்லை. நாலு மணிக்குக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

செல்வி


காரைக்கால்
24 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். மழை விடவில்லை. அங்கே நெல் சாயாமல் இருக்கிறதா?

சில நாட்களாக நாலு மணிக்கு நான் எடுக்கவில்லை. நெட்வொர்க் இல்லை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். மழை நாளில் அப்படித்தான்.

உன் ஒன்பதாம் பாடம் வியாழக்கிழமைதானே? மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பாடத்தின் தலைப்பு. புத்தகத்தில் இருப்பதைப் படித்து வைத்திருக்கிறேன். போதுமா என்று தெரியவில்லை.

பிரியா


அபிஷேகப்பாக்கம்
28 நவம்பர் 2025

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா நாளைக்குத் திருநள்ளாறு வருகிறார். உன் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நேற்று நீ சொன்னதை இரவெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்தேன். ஏனாம் பையனைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதை, நீ சாப்பாட்டு நேரத்தில் 'என் தங்கை எப்படி இங்கிலீஷ் பேசுகிறாள் பாருங்கள்' என்று பெருமையாக அத்தையிடம் சொன்னாய். அத்தை மறுநாள் விடிந்ததும் தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். அதை நீ கடிதத்தில் எழுதினால், நான் எழுதும் பதிலை அத்தைக்கே வாசித்துக் காட்ட வேண்டும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஊரில் ஒவ்வொருவர் முகத்தையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. இங்கிலீஷில் உன்னைத் திட்டினேன் அல்லவா, இலக்கணம் எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. அதன்பிறகு உன் பக்கமிருந்து அத்தையின் சீரியல் மட்டும் கேட்டது. நான் ஏதோ சொன்னேன். அந்த வாக்கியம் இப்போது நினைவில் இல்லை. ஆனால் அதை முதலில் தமிழில் நினைத்துப் பிறகு மாற்றவில்லை என்பது நினைவிருக்கிறது. அப்படி எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

நீ வைத்த பிறகு அப்பா போனை உடனே வாங்கவில்லை. "இன்னா, அவ அத்தினி வாட்டி சாரி சொல்றா?" என்றார்.

"ஒன்பதாம் பாடம்பா. மன்னிப்புக் கேக்கறது."

"நீ இன்னா சொன்னே?"

"பரவால்லன்னு சொல்லணும். அதான் பாடத்துல கீது."

"சொன்னியா?"

"சொன்னேம்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாடத்துக்குன்னா அவ குரல் ஏன் அப்படிக் கம்மிப்போச்சி?" என்றார். போனைப் பீரோவில் வைக்காமல் டீவி மேலேயே வைத்துவிட்டுக் கழனிக்குப் போனார்.

அந்தப் பதிவை நான் மேடத்துக்கு அனுப்பவில்லை. அதனால் ஒன்பதாம் பாடத்தை மறுபடி பேச வேண்டும். திங்கட்கிழமை நாலு மணிக்கு வா. புத்தகத்தில் இருப்பதை மட்டும் பேசு. நீ கேட்க வேறு மன்னிப்பு ஒன்றும் மிச்சமில்லை.

செல்வி


காரைக்கால்
22 டிசம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீ பாஸ் என்று அம்மா ஸ்பீக்கரில் சொன்னாள். தெருவே சந்தோஷப்பட்டது எனக்குக் கேட்டது. அத்தையும் சந்தோஷப்பட்டார்கள், "எந்தம்பி கண்டிச்சி வளத்ததாலதான்" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். தை மாதப் பேச்சை அப்பா இனி எடுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

பழைய புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று நாலு மணிக்குப் பழக்கத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன். பாடம் முடிந்துவிட்டதே என்று நினைவு வந்து வைத்துவிட்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இனி என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியவில்லை. அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் சாயங்காலம் நீளமாக இருக்கிறது செல்வி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியா


அபிஷேகப்பாக்கம்
27 டிசம்பர் 2025

அன்பு அக்காவுக்கும், அத்தைக்கும், மாமாவுக்கும்,

எல்லாரும் நலம். கன்றுக்குட்டிக்கு ஒருவழியாக லட்சுமி என்று பேர் வைத்தாயிற்று.

தேர்வில் வெளியிலிருந்து வந்த சார் ஒருவர், இங்கிலீஷ் பேச உனக்கு உதவியது எது, வகுப்பா, போனா என்று இங்கிலீஷில் கேட்டார். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாததுதான் சார் என்றேன். அவர் விழித்தார். உஷாராணி மேடம் குனிந்து சிரித்தார். அந்த சாருக்கு விளக்கிச் சொல்லவே மீதி நேரம் சரியாகப் போயிற்று, அதற்குத்தான் மார்க் போட்டார்கள்.

இதை அத்தைக்கும் வாசித்துக் காட்டு. நேற்று சாயங்காலம் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கழனியிலிருந்து வந்து, காலைக் கழுவி, நாற்காலியை வழக்கமான இடத்தில் போட்டு உட்கார்ந்தார். டீவி மேலிருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மணி நாலாச்சி, இன்னும் இன்னா பண்றே? அக்காவுக்குப் போடு."

"பாடம் முடிஞ்சிட்சிப்பா. பாஸாயிட்டேன்."

"நீ பாஸாயிட்டே. எனக்கு அவ குரலக் கேக்கணும். இங்கிலீஷ்லயே பேசுங்க, எனக்கொண்ணும் புரிய வேணாம்" என்றார்.

நான் போட்டேன். நீ எடுக்கவில்லை. நாளைக்கும் நாற்காலி போடுவார் அக்கா. நாலு மணிக்குப் போனைக் கையில் வைத்திரு.

செல்வி